நெறிப்பாடம் ஆங்கிலத்தில், கைநாட்டு தமிழரிடத்தில்!

மாந்தரை வைத்து ஆய்வு நடத்துவோர் முதலில் ஆய்வுநெறி கற்றல் வேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. நன்று, கற்கட்டும். நாம் கேட்பவை இரண்டே வினாக்கள். அந்நெறியை யார் கற்கின்றார்? எம்மொழியில் கற்கின்றார்? இவ்விரண்டுக்கும் மழுப்பாமல் விடை கூறத் தமிழ்நாட்டு மருத்துவக் கல்விப் பொறுப்பாளர் எவரேனும் முன்வரட்டும். நாம் இத்தாளைக் கிழித்தெறிந்துவிடுகின்றோம்.

வெம்பாக்கம் தொடங்கி ஆரணி வரையிலும் பட்டுத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. குழித்தறியில் கால்களை இறக்கி விடியலில் உட்கார்ந்தவர் விளக்கேற்றும் வேளையில்தான் முதுகை நிமிர்த்துகின்றார். அவருடைய கண் ஏன் மங்குகின்றது, இடுப்பு ஏன் வலிக்கின்றது, கடன் ஏன் அடையவில்லை, மகன் ஏன் பள்ளியை விட்டு நின்றான் என்பனவெல்லாம் பட்டம் தேடுவோர்க்கும் பணியுயர்வு தேடுவோர்க்கும் ஆய்வுப் பொருள்கள். ஆய்வே வேண்டா என்று நாம் சொல்லவில்லை. நெசவாளர் நிலை ஆராயப்படத்தான் வேண்டும். ஆனால் நடப்பது என்ன? ஆய்வாளர் வருவது அரிது. அவர் அமர்த்திய நாட்கூலிப் பணியாளர் வருகின்றார். கையில் நான்கு பக்கத் தாள். "அண்ணே, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கின்றார். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையாய் அனுப்பும் வழக்கம் நம் மக்களுக்கு இல்லை. தறியை நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகின்றார். அக்கையெழுத்துக்குத்தான் 'அறிந்தளித்த ஒப்புதல்' என்று பெயர்! எதனை அறிந்தார்? எதற்கு ஒப்பினார்?

இத்தகையோரை ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'சப்செக்ட்டு' என்றே அழைத்தனர். அரசனுக்கு அடங்கிய குடிக்கும் அம்மொழியில் அதுவே சொல். ஆய்வாளனுக்கு அடங்கிய உடம்புக்கும் அதுவே சொல். 1980-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட முதற் கொள்கையறிக்கையின் தலைப்பிலும், 2000-இல் வெளியிட்ட நெறிமுறைகளின் தலைப்பிலும் அச்சொல்லே குந்தியிருந்தது. 2006-இல்தான் 'பங்கேற்பாளர்' என்று மாற்றினர். உலக மருத்துவர் கழகம் 1964-இல் எல்சிங்கி நகரில் செய்த அறிவிப்போ, அறுபது ஆண்டுகள் கழித்து, 2024-இல்தான் அப்பழஞ்சொல்லைக் கைவிட்டது. "சொல்லில் என்ன ஐயா இருக்கின்றது? எந்தச் சொல்லாய் இருந்தால் என்ன?" என்று நம்மை எள்ளி நகையாடும் தமிழ்ப் பேராசிரியர்கள் இதனை நோக்குக. ஒரு சொல்லை மாற்ற உலக மருத்துவர்களுக்கே அறுபதாண்டு தேவைப்பட்டது. சொல்லில் ஒன்றுமில்லையென்றால் இத்துணைக் காலம் எதற்குப் பிடித்தது?

ஆய்வுநெறி என்பது கற்றோர் மன்றங்களில் இனிது பேசிப் பிறந்தது அன்று. அது குருதியிற் பிறந்தது. செருமானிய நாசிகளின் கொலைமருத்துவர்களை உசாவிய நூரம்பர்க்கு மன்றம் 1947-இல் வகுத்த பத்து நெறிகளுள் முதலாவது, ஆய்வுக்கு உள்ளாகும் ஒருவரின் தன்விருப்பான ஒப்புதல் இன்றியமையாதது என்பதே. இந்நெறியை உலகுக்குக் கூறிய அமெரிக்கா தன் வீட்டில் என்ன செய்தது? அலபாமா மாநிலத்துத் தசுகிகீயில் மேகப்புண் நோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பின ஆடவரை, 1932 தொடங்கி 1972 வரை, மருந்தளிக்காமலே வைத்து நோய் எவ்வாறு முற்றுகின்றது என்று கணக்கெழுதிக்கொண்டிருந்தது. 'கெட்ட குருதி'க்கு மருத்துவம் செய்வதாக அவர்களிடம் சொல்லி ஏமாற்றியது. பெனிசிலின் என்னும் கைகண்ட மருந்து வந்த பின்னும் கொடுக்கவில்லை. இதழ்கள் அம்பலப்படுத்திய பிறகுதான் சட்டம் வந்தது, நெறிக்குழு வந்தது, நெறிப்பயிற்சியும் வந்தது. ஏமாற்றப்பட்டோர் யார் என்பதை மட்டும் நினைவிற் கொள்க: உழுது பிழைத்த, எழுத்தறிவு குன்றிய எளிய மக்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மருத்துவ அறிவுக்குத் தமிழ்நாட்டு ஏழை அளித்த கொடை பெரிது; அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை, பெருமையோடே கூறுவோம். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில், காசநோய் என்று வழங்கும் என்புருக்கி நோய்க்கான ஆய்வு நடுவம் தொடங்கப்பெற்றது. 193 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரை நலவாழ்வகத்திற் படுக்கவைத்தும் மற்றொரு கூற்றினரை அவரவர் குடிசையிலேயே விட்டும் ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். நல்லுணவும் ஓய்வும் காற்றோட்டமும் இல்லாத வீட்டிலிருந்தோரும் நலவாழ்வகத்தாரைப் போன்றே குணமடைந்தனர் என்று 1959-இல் முடிவு வெளியாயிற்று. உலகெங்கும் என்புருக்கி நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துப் பூட்டிவைக்கும் பழக்கம் தளர்ந்ததற்கு அவ்வாய்வும் தலையாய ஒரு கரணியம். ஐரோப்பியன் மனைவி மக்களோடு வீட்டிலிருந்து நோய் தீர்த்துக்கொள்ளச் சென்னைக் குடிசைவாழ் தமிழர் வழிகாட்டினர்.

வெம்பாக்கத்துக்கு மிக அண்மையிலும் அத்தகைய பேராய்வு ஒன்று நடந்தது. பாலாற்றைக் கடந்து காஞ்சிக்கு அப்பால், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 209 சிற்றூர்களும் ஒரு நகரும் அதற்குக் களமாயின. ஏறத்தாழ 3,60,000 மக்களைப் பதிந்து, அவர்களுள் ஏறத்தாழ 2,60,000 பேர்க்கு 1968 முதல் 1971 வரை ஊசி போட்டனர். சிலர்க்கு என்புருக்கித் தடுப்பூசி, சிலர்க்கு வெற்றூசி. அத்தடுப்பூசி அங்கே நுரையீரல் நோயைத் தடுக்கவில்லை என்னும் முடிவை 1979-இல் வெளியிட்டபோது உலக மருத்துவமே திகைத்தது. எல்சிங்கி அறிவிப்பு வந்து நான்காண்டுகள் கழித்து இவ்வாய்வு தொடங்கிற்று. இந்நாட்டின் முதல் நெறியறிக்கை வந்ததோ, முடிவு வெளியானதற்கும் அடுத்த ஆண்டு! நெறிநூல் எழுதப்படுமுன்பே நம் மக்கள் கையை நீட்டிவிட்டனர்.

"அது பழங்கதை, இன்று நெறிக்குழுக்கள் இருக்கின்றன, பயிற்சி இருக்கின்றது" என்பர். ஆகையால் பழங்கதையை விட்டு, இந்நூற்றாண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லுவோம். இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியுள்ளது.

கருப்பைவாய்ப் புற்றுநோயைச் செலவின்றி முன்கூட்டியே கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. கருப்பைவாயில் நீர்த்த புளிங்காடியைத் தடவினால் நோய்க்குறி உள்ள இடம் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துவிடலாம். இம்முறை உயிர் காக்குமா என்று அறிய, பிரான்சு நாட்டு இலியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும், அம்பிளிக்கை மருத்துவ நடுவமும், சென்னைப் புற்றுநோய் நிலையத்தாரும் 2000-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். திண்டுக்கல் மாவட்டத்து ஊர்களை 114 தொகுதிகளாக்கிக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் 30 முதல் 59 அகவை வரையுள்ள 49,311 பெண்கள். அவர்களை அழைத்துப் பார்த்தனர். மறு பாதியில் 30,958 பெண்கள். அவர்கள் ஒப்பீட்டுக்காக, ஏற்கெனவே கிடைத்துவந்த மருத்துவ வசதியோடு விடப்பட்டனர்.

2006 வரை கணக்கெடுத்து 2007-இல் இலான்செட்டு இதழில் முடிவை வெளியிட்டனர். பார்க்கப்பட்ட பாதியில் அப்புற்றுநோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. அரிய முடிவு! ஒப்பீட்டுக் குழுவில் அந்நோயால் இறந்த பெண்கள் எத்துணைப் பேர்? 92 பேர். தொண்ணூற்றிருவர் என்று எழுத்தால் எழுதினால் இன்னும் சற்று உறைக்கும்.

ஆய்வாளர் தரப்பையும் மறைக்காமல் கூறுவோம். "அக்காலத்தில் தமிழ்நாட்டில் எல்லார்க்குமான முன்கண்டறிதல் திட்டமே இல்லை, எனவே எவரிடமிருந்தும் எதனையும் நாங்கள் பறிக்கவில்லை, இம்முடிவினால்தான் அரசு பின்னர்த் திட்டம் தொடங்கிற்று" என்பது அத்தரப்பு. 2007-இல் தேனியிலும் தஞ்சையிலும் முன்னோட்டமாகவும், 2012 முதல் பிற மாவட்டங்களிலும் அரசு அத்திட்டத்தை நடத்தியது உண்மையே. மறுதரப்பினர் சொல்லுவதும் உண்டு. திண்டுக்கல், மும்பை, மராட்டியத்து உசுமானாபாத்து ஆகிய மூன்று இடங்களிலும் பார்க்கப்படாமல் விடப்பட்ட பெண்கள் 1,38,624 பேர் என்றும், அவர்களுள் 254 பேரேனும் அந்நோயால் மாண்டனர் என்றும் எரிக்கு சூபா என்னும் அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டு எழுதினார். அமெரிக்க அரசின் மாந்தராய்வுப் பாதுகாப்பு அலுவலகம் இம்மூன்றுள் மும்பை ஆய்வை உசாவி, ஒப்புதலளிக்கப் போதுமான செய்திகள் அப்பெண்களுக்குத் தரப்படவில்லை என்றே கண்டது.

எத்தரப்பு மெய் என்று தீர்ப்பளிப்பது இங்கு நம் நோக்கமன்று. நாம் கேட்பது வேறு. ஒப்பீட்டுக் குழுவிலுள்ள ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியதைத் தமிழிற் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, உங்களுக்கு வரக்கூடிய ஒரு புற்றுநோயை முன்கூட்டியே காட்டும் வழி உண்டு. பக்கத்து ஊரில் அதனைச் செய்கின்றோம். குலுக்கலில் உங்கள் ஊர் விழவில்லை. ஆதலால் உங்களுக்குச் செய்யப்போவதில்லை. வேறு மருத்துவமனைக்குச் சென்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கில் உங்கள் பெயர் இருப்பதற்கு உங்களுக்கு ஒப்புதல்தானா?" இதைக் கேட்ட பெண் என்ன சொல்லுவார்? ஒருவேளை, "சரி" என்பார். ஒருவேளை மறுநாளே பேருந்தேறி மருத்துவமனைக்குச் செல்லுவார். அவர் செல்லக்கூடும் என்பதற்காகவே சொல்லாமல் விடலாம் என்று ஆய்வாளருக்குத் தோன்றுமாயின், அவ்விடத்தில்தான் நெறிப்பயிற்சி வேலை செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஒப்பீட்டுத் தொகுதி', 'வழக்கமான கவனிப்பு' என்று வழுவழுப்பாக வழுக்கிக்கொண்டு போகும் செய்தி, அவர் தாய்மொழியிற் சொல்லப்படும்போது தொண்டையில் சிக்குகின்றது. அந்தச் சிக்கல்தான் அறம். அச்சிக்கலை உணராத பயிற்சி பயிற்சியன்று.

கைநாட்டுக்கு வருவோம். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமியர்க்கு, இதே கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான ஊசியைப் 'பாத்து' என்னும் அமெரிக்க நிறுவனம் அரசுத் துறைகளின் துணையோடு போட்டது. சிறுமியர் எழுவர் இறந்தனர் என்ற செய்தி பரவ, 2010 ஏப்பிரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுகளுக்கு ஊசி கரணியமன்று என்றே உசாவல் குழு கண்டது. அதனையும் நாம் சொல்லிவிடுகின்றோம். ஆனால் 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கையிலுள்ள ஒரு கணக்கைப் பாருங்கள். ஆந்திரத்தில் 9,543 ஒப்புதற் படிவங்கள். அவற்றுள் 1,948-இல் இருப்பது கைநாட்டு. 2,763-இல் கையெழுத்திட்டோர் யார்? பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்! பழங்குடிச் சிறுமியின் உடம்புக்கு ஒப்புதல் தர விடுதிக் காப்பாளர்க்கு உரிமை தந்தவர் எவர்? அப்படிவங்களைத் திரட்டியோரும் படித்தவர்கள்தாம், நெறிக்குழுக்களும் இருந்தனதாம்.

விடுதிக் காப்பாளர் கம்மத்தில் மட்டுமா இருக்கின்றார்? வெம்பாக்கத்துத் தறிமேட்டில் அவருக்கு வேறு பெயர், தறிமுதலாளி. பட்டும் சரிகையும் நிறுத்துக் கொடுப்பவர் அவர். நெய்த சேலையை நிறுத்து வாங்குபவர் அவர். மகள் திருமணத்துக்கு முன்பணம் தந்தவரும் அவரே. அந்த முன்பணம் அடையும் வரை நெசவாளர் வேறு முதலாளியிடம் போக இயலாது. "கல்லூரியிலிருந்து வந்திருக்கின்றார்கள், என்ன கேட்கின்றார்களோ சொல்லிவிடு" என்று அவர் ஒரு சொல் சொல்லிவிட்டால், நெசவாளர் 'மாட்டேன்' என்பாரா? ஆய்வாளர்க்கு இதைவிட எளிய வழி வேறில்லை. ஒரு முதலாளியைப் பிடித்தால் நாற்பது தறி கிடைக்கும். நெறிநூல் இதனைத் 'தகாத செல்வாக்கு' என்று ஒரே தொடரிற் கூறி நகர்ந்துவிடும். அத்தொடரை மனப்பாடம் செய்து தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்க்கு, முதலாளி வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நெசவாளரை ஒவ்வொருவராய் அழைப்பதுதான் அது என்று எவரும் காட்டித் தருவதில்லை. கடன் எவ்வளவு என்று அதே திண்ணையில், அதே முதலாளியின் செவியில் விழும்படி கேட்டால் கமுக்கம் எங்கே போயிற்று?

பயிற்சி இன்று எவ்வாறு நடக்கின்றது? மருத்துவ முதுநிலை மாணவர் அனைவரும் தேறியாக வேண்டிய ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் ஒன்று உண்டு. அதனை நடத்துவது தில்லியன்று. நம் சென்னையிலேயே இருக்கின்ற, நடுவணரசின் கொள்ளைநோயியல் நிறுவனம். பாடம் இணையவழி, மொழி ஆங்கிலம். ஆய்வுநெறி அதில் ஒரு பகுதி. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்து குறியிடும் தேர்வு. தேறினால் சான்றிதழ். பிற நிறுவனங்கள் தரும் பயிற்சியும் பெரும்பாலும் இத்தகையதே. பாடம் தரமற்றது என்று நாம் கூறவில்லை. தமிழ் மண்ணில் தமிழ் மாணவர்க்கு, தமிழ் நோயாளியிடம் எவ்வாறு பேசுவது என்பதைக் கற்பிக்கும் பாடத்தில் தமிழ் ஒரு சொல்லும் இல்லையே என்பதுதான் நம் வயிற்றெரிச்சல். நீந்தக் கற்பிக்கும் பள்ளியில் நீர் இல்லை!

அதனினும் கொடுமை ஒன்று. இப்பயிற்சியும் சான்றிதழும் மேலே உள்ளவர்க்கே. வீடு வீடாய்ச் சென்று ஒப்புதல் வாங்குபவர் யார்? சிற்றூர்ச் செவிலியர், களப்பணியாளர், கணக்கெடுக்க நாட்கூலிக்கு வந்த கல்லூரிப் பிள்ளை. இவர்கள் கையில்தான் அறத்தின் கடைசிப் பிடி இருக்கின்றது. இவர்களுக்கு ஆங்கிலப் பாடம் எட்டாது. தமிழ்ப் பாடம் கிடையாது. நாளொன்றுக்கு இத்துணைப் படிவம் நிரப்ப வேண்டும் என்ற அளவு மட்டும் கிடைக்கும். மறுப்பவர் ஒருவர் வந்தால் அன்றைய அளவு குறையும். ஆகவே, மறுக்க உரிமை உண்டு என்று சொல்லாமலிருப்பதே அவர்க்கு ஊதியம்.

சட்டத்தில் எல்லாம் அழகாகவே இருக்கின்றது. 2019-ஆம் ஆண்டின் புதுமருந்து, மருந்தாய்வு விதிகள், பங்கேற்பவர்க்கு விளங்கும் எளிய மொழியில் செய்தி கூற வேண்டும் என்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒப்பும்போது சார்பற்ற சான்றாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் செலவின்றி மருத்துவமும் ஈட்டுத்தொகையும் தர வேண்டும் என்கின்றன. நெறிக்குழுவில் எழுவர்க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவர் மருத்துவம் சாராத பொதுமகனாய் இருத்தல் வேண்டும். ஆராய்ச்சி மன்றத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும், அப்பொதுமகன் வட்டார மொழியும் வழக்கும் அறிந்தவராய் இருத்தல் வேண்டும் என்கின்றன. நல்லது! வட்டார மொழி அறிந்த அம்மகனார் முன்னே வைக்கப்படும் ஆய்வுத்திட்டம் எம்மொழியில் இருக்கின்றது? நூறு பக்க ஆங்கிலம்! மருத்துவர்கள் ஆங்கிலத்தில் உரையாட, இவர் தேநீர் பருகிவிட்டுக் கையெழுத்திட்டு எழுந்து வருகின்றார். நெசவாளர் கையெழுத்துக்கும் இவர் கையெழுத்துக்கும் என்ன வேறுபாடு?

"அறிவியல் நுட்பங்களைத் தமிழிற் சொல்ல இயலாது" என்னும் பழைய பல்லவியை இங்கும் பாடுவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில், சாமுவேல் பிசு கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உடற்கூறும் அறுவையும் பிள்ளைப்பேறும் தமிழிற் கற்பித்து, தமிழிலேயே மருத்துவர்களை உருவாக்கினார். நாலாயிரம் பக்கத்துக்கு மேல் மருத்துவத் தமிழ்நூல்களை அச்சிட்டார். வேற்றுநாட்டார் ஒருவர்க்கு 1860-களில் இயன்றது, இத்துணை மருத்துவக் கல்லூரிகள் நிறைந்த தமிழ்நாட்டுக்கு இன்று இயலாதாம்!

குலுக்கல் முறைப் பகிர்வு என்பதுதான் ஒப்புதற் படிவத்தில் விளக்கக் கடினமானது என்கின்றனர். வெம்பாக்கத்திலிருந்து உத்தரமேரூர் என்ன தொலைவு? முதற் பராந்தக சோழன் காலத்தில் 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள் அங்குக் கோயிற் சுவரில் நிற்கின்றன. தகுதியுடையோர் பெயரை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். எடுப்பவனுக்கும் எவர் பெயர் என்று தெரியாது. இன்று 'மறைப்பாய்வு' என்று ஆங்கிலத்தில் பெருமை பேசுவதன் கரு அதுதானே! "ஐயா, எந்த மருந்து யாருக்கு என்பதைக் குடவோலை போல எடுப்போம், நாங்களாகத் தெரிந்தெடுப்பதில்லை, ஒரு குப்பியில் மருந்து, ஒரு குப்பியில் வெற்று மாவு, எது உங்களுக்கு என்று எங்களுக்கும் தெரியாது" என்று சொன்னால், விளங்காத நெசவாளர் ஒருவரைக் காட்டுக. பாவிலே ஆயிரக்கணக்கான இழையை எண்ணி அச்சிற் பிணைப்பவர்க்கு இக்கணக்கா விளங்காது?

விளங்காதது வேறு. ஆய்வாளர் தரும் படிவங்களில் 'சுயநினைவுடனும் பூரண சுதந்திரத்துடனும் சம்மதிக்கிறேன்' என்பது போன்ற தொடர்கள் வாடிக்கை. இறப்புப் படுக்கையிற் கிடப்பவன் எழுதித் தரும் ஆவணமா இது? ஆங்கிலத் தொடரை வடமொழிச் சட்டையில் நுழைத்துத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுவிட்டால் அது தமிழாகிவிடுமா? 'முழு மனத்தோடு ஒப்புகின்றேன். வேண்டா என்றால் எப்போதும் விலகிக்கொள்வேன். விலகினாலும் எனக்குக் கிடைக்கும் மருத்துவம் நிற்காது' என்று எழுதினால் மை கூடுதலாகச் செலவாகுமா? அயன்மொழிச் சொல் இங்கு வெறும் மொழிக்கேடு மட்டுமன்று. அது மறைப்பு. 'சம்மதம்' என்ற மூடியின்கீழ் எதனை வேண்டுமானாலும் ஒளிக்கலாம். தூயதமிழ் வேண்டும் என்று நாம் கேட்பதை மொழிவெறி என்பவர்கள், ஒரு முறையேனும் அப்படிவத்தைத் தறிக்குழிக்கருகே உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டட்டும். படிப்பவர்க்கே நா தடுமாறும்.

"இப்படியெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் எவரும் ஒப்ப மாட்டார், ஆராய்ச்சி நின்றுவிடும்" என்று ஒருவர் நம்மிடம் சினந்தார். படித்தவர்தாம். அவர் சொன்னதன் பொருள் என்ன? மக்கள் அறியாமல் இருந்தால்தான் ஆராய்ச்சி நடக்கும் என்பதுதானே! அத்தகைய ஆராய்ச்சி நின்றால் என்ன? அன்றியும் அவர் அச்சம் வீணானது. சேத்துப்பட்டிலும் செங்கற்பட்டிலும் கையை நீட்டிய மக்கள் கொடைமடம் உடையவர்கள். 'உங்களால் ஊருக்கு நன்மை' என்று நேர்மையாய்க் கேட்டால் தருபவர்கள். ஏமாற்றப்பட்டோம் என்று அறிந்த நாளில்தான் கதவடைப்பார்கள்.

தமிழ்நாட்டு அரசும் மருத்துவப் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியவற்றுக்குக் கோடி செலவில்லை. களப்பணியாளர்க்குத் தமிழில் நெறிப்பயிற்சி. அதுவும் கணினிக் குறியீட்டுத் தேர்வாக அன்றி, நேரில் பேசிக் காட்டும் தேர்வாக. தேர்வாளர் மருத்துவர் மட்டும் ஆகாது. நெசவாளர் ஒருவர், உழவர் ஒருவர், சிற்றூர்ப் பெண் ஒருவர் எதிரே உட்காரட்டும். விளக்கிய பின், "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும்; அவர் திருப்பிச் சொன்னால்தான் பயிற்சியாளர்க்குத் தேர்ச்சி. 'வேண்டா' என்று அவர் மறுத்தால் முகம் சுளிக்காமல் வணங்கி எழுந்து வரத் தெரிகின்றதா என்பதற்கும் மதிப்பெண் வேண்டும். நெறிக்குழு முன்வைக்கும் ஆய்வுத்திட்டத்தின் தமிழ்ச் சுருக்கம் பத்து நாள் முன்னதாகப் பொதுமகன் கையில் இருக்க வேண்டும். ஆய்வு முடிந்தபின் முடிவு என்னவென்று, இலான்செட்டில் வெளிவருமுன்பே, ஆய்வு நடந்த ஊரின் மன்றத்தில் தமிழில் படிக்கப்பட வேண்டும்.

அன்பர்கள் இதற்காகக் காத்திராமல் இன்றே ஒன்று செய்யலாம். உங்கள் தெருவுக்கு ஆய்வுத்தாளோடு எவர் வந்தாலும் மோரோ தண்ணீரோ கொடுத்து உட்காரவைத்து, இம்மூன்றையும் கேளுங்கள்: "இதனை நடத்துபவர் யார்? நான் மாட்டேன் என்றால் என்ன ஆகும்? முடிவை எனக்கு எப்போது வந்து சொல்லுவீர்கள்?" விடை தமிழில் வந்தால் மேலே பேசுங்கள். தாளைத் திருப்பித் தரும்போது அதன் ஒரு படியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விதிப்படி அது உங்களுக்கு உரியது.